நான்காம் பத்திக்கான குறிப்புரை

தென்காசி வட்டாரத்தில் அரசாங்க உத்தியோகம் பார்க்கிறவர்களுக்கு மெமோ வந்தால் முதலில் அதை மடித்துச் சட்டைப்பைக்குள் ஒளித்துவைப்பார்கள். அடுத்து ஜெகதீஸ்வரனின் வீடு ஞாபகத்துக்கு வரும். பஸ் கண்டக்டர், கிராம உதவியாளர், பள்ளிக்கூட வாட்ச்மேன் என்று துறை பேதமில்லாமல் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு மேஜை முன்னால் உட்கார்ந்தாரென்றால், மத்தியானச் சாப்பாட்டுக்குள் இரண்டு பேர் தலையையாவது காப்பாற்றிவிடுவார். அதற்குக் காசு வாங்கமாட்டார். வாங்கியிருந்தால்கூட அவ்வளவு கர்வம் வந்திருக்காது.

அவருடைய வைத்தியம் ஒரே வைத்தியம்தான். எதையும் மறுக்காதே. மேலதிகாரியைக் குறித்து ஒரு வரிகூட எழுதாதே. தவறு என் கவனக்குறைவால் நேர்ந்தது, இனி நேராது, என் குடும்பச் சூழ்நிலையைக் கருதி மன்னிக்கும்படி பணிவுடன் வேண்டுகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. கும்பிட்டு நிற்கிறவனை எந்த அதிகாரியும் ஓங்கி அடிக்கமாட்டான் என்பது அவருடைய இருபத்தெட்டு வருஷ அனுபவம். ஒரு கண்டனம், மிஞ்சிப்போனால் ஆறு மாத ஊதிய உயர்வு நிறுத்தம், அத்தோடு முடிந்துவிடும். அவர் எழுதிய வாசகத்தை வந்தவர் தம் கைப்பட நகலெடுத்துக்கொள்ள வேண்டும். நகலெடுத்து முடித்ததும் அவருடைய தாளை வாங்கி நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டுவிடுவார். அந்த விஷயத்தில் ஆள் படு உஷார்.

வாரத்தின் மற்ற நாட்களில் அவர் தென்காசியில் ஒரு பொறியியல் துறையின் கோட்ட அலுவலகத்தில் கண்காணிப்பாளர். அந்த அலுவலகத்திலிருந்து யாருக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை போனாலும் வரைவு அவருடையதுதான். தன் அலுவலகத்து ஆளுக்கே திங்கட்கிழமை மெமோ எழுதி, ஞாயிற்றுக்கிழமை அதற்கு விளக்கமும் எழுதிக் கொடுத்திருக்கிறார். அது தப்பென்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. "ரெண்டு பக்கமும் என் பேனாதான் எழுதுது, பிறகு எப்படித் தப்பும்?" என்று மனைவி அனுசியாவிடம் பெருமையாகச் சொல்லுவார்.

அந்தத் துறைக்குக் குற்றாலத்தில் ஓர் ஆய்வு மாளிகை உண்டு. ஊரில் எல்லோருக்கும் அது பங்களா. ஐந்து அறை, முன்னால் இரண்டு பலா மரம், பின்னால் காவலர் குடியிருப்பு. அங்கே தங்க வேண்டுமென்றால் செயற்பொறியாளரின் அனுமதிக் கடிதம் வேண்டும், பதிவேட்டில் பெயரும் முகவரியும் எழுத வேண்டும் என்றெல்லாம் விதி இருக்கிறது. சாரல் விழ ஆரம்பித்ததும் அந்த விதிக்கும் லீவு விட்டுவிடுவார்கள். சென்னையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் யார் யாரோ ஈ.ஈ.யைக் கூப்பிடுவார்கள். ஈ.ஈ. என்றால் செயற்பொறியாளர், கோட்டத்துக்கே அவர்தான் பெரிய தலை. அவர் பங்களாவுக்குப் போன் போடுவார். வேண்டப்பட்டவர்கள் வருகிறார்கள், இரண்டாம் நம்பரைத் திறந்துவிடு, நோட்டில் ஒன்றும் எழுத வேண்டாம். இதுதான் பல வருஷமாக நடக்கிற நடைமுறை. எந்த ஈ.ஈ. வந்தாலும் சட்டை மாறுமே தவிர இது மாறாது.

பங்களாவின் காவலர் முப்பிடாதியம்மாள். அவள் புருஷன் அதே துறையில் ரோடு ரோலர் ஓட்டியவன், பணியில் இருக்கும்போதே இறந்துபோனான். கருணை அடிப்படையில் அவளுக்கு இந்த வேலை கிடைத்துப் பதினொரு வருஷம் ஆகிறது. அந்த விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்ததும் ஜெகதீஸ்வரன்தான். அன்றிலிருந்து அவருக்கு அவள் வைத்த பெயர் அண்ணாச்சி. மகள் சுஜிதா தென்காசியில் பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அம்மாவும் மகளும் பங்களாவுக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைக் குடியிருப்பில்தான் இருந்தார்கள். அந்த வேலை போனால் சம்பளத்தோடு கூரையும் போய்விடும்.

போன வருஷம் ஜூலையில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஈ.ஈ. கூப்பிட்டார். அவர் சொன்னபடி அவள் இரண்டாம் நம்பரைத் திறந்தாள், பதிவேட்டை மூடியே வைத்தாள். வந்தவர்கள் மூன்று பேர். ஞாயிறு காலையில் மாடியில் உட்கார்ந்து குடித்துவிட்டுக் காலிப் பாட்டிலைச் சாலையில் வீசியெறிந்தார்கள். அது அருவிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணின் நெற்றியைப் பிளந்தது. கூட வந்தவர்கள் ரத்தத்தையும் பங்களாவின் பெயர்ப்பலகையையும் சேர்த்துச் செல்போனில் படம் பிடித்துப் போட்டுவிட்டார்கள். போலீஸ் வருவதற்குள் மூன்று பேரும் காரேறிப் போய்விட்டார்கள். மறுநாள் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து கேள்வி வந்தது. தங்கியிருந்தது யார், அனுமதி கொடுத்தது யார். பதிவேட்டைப் பார்த்தால் அந்தப் பக்கம் வெள்ளையாக இருந்தது.

அனுமதி கொடுத்தவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்கள் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. ஈ.ஈ. ஜெகதீஸ்வரனைக் கூப்பிட்டுக் காவலர்மீது பதினேழு பி போடச் சொன்னார். ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் பதினேழு ஏ என்றால் சின்ன அடி, பதினேழு பி என்றால் வேலையே போகக்கூடிய அடி. ஜெகதீஸ்வரன் கொஞ்சம் தயங்கி, அந்தம்மா பாவம் சார் என்றார். ஈ.ஈ. சிரித்தபடி, மேலே காட்டுவதற்கு ஒரு காகிதம் வேண்டும், அவ்வளவுதான், அந்தம்மாவை மன்னிப்புக் கேட்டு எழுதச் சொல்லுங்கள், ஒரு வருஷ இன்கிரிமென்ட் நிறுத்தத்தோடு முடித்துவிடுவோம் என்றார். சொன்னதெல்லாம் வாய்ப்பேச்சு. காகிதத்திலேயே நரைத்துப்போன ஜெகதீஸ்வரன் அந்த வாய்ப்பேச்சை நம்பினார். முப்பிடாதியம்மாள் போனில் கேட்டு நம்பினாள், இவர் நேரில் கேட்டு நம்பினார். வித்தியாசம் அவ்வளவுதான்.

அங்கீகாரமற்ற நபர்களைத் தன்னிச்சையாகத் தங்க அனுமதித்தது, பதிவேட்டில் வேண்டுமென்றே பதியாமல் விட்டது என்று இரண்டு குற்றச்சாட்டுகளை அவர் எழுதினார். எழுத்து நன்றாகவே வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை முப்பிடாதியம்மாள் அந்த மெமோவை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, அய்யாதான போன் போட்டுச் சொன்னாரு. நானாவா தெறந்துவிட்டேன்? இன்னா பாருங்க, சனிக்கிழமை நாலு மணிக்கு அவரு நம்பர் வந்து கெடக்கு. இத எழுதுனா என்ன?"

செல்போனை நீட்டினாள். ஈ.ஈ.யின் பெயர், தேதி, நேரம் எல்லாம் அதில் இருந்தது. ஜெகதீஸ்வரன் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவருக்கு நியாயம் புரியாமல் இல்லை. ஆனால் அவருடைய வைத்தியத்தில் அதற்கு இடமில்லை.

"ஏம்மா, கோர்ட்லயா நிக்க? அவரு பேரை எழுதுனா அவரு சும்மா விடுவாரா? விசாரணை அதிகாரியப் போடுவாரு, ரெண்டு வருஷம் இழுத்தடிப்பாரு. நான் பேசிட்டேன். ஒத்துக்கிட்டு மன்னிப்பு கேட்டு எழுது, ஒரு இன்கிரிமென்ட்டோட போயிரும். என்னைய நம்புதியா இல்லியா?"

நம்புகிறேன் என்றுதான் சொன்னாள். அனுசியா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, மேஜை ஓரத்தில் உட்கார்ந்து, அவர் எழுதித் தந்ததை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து நகலெடுத்தாள். 'என்மீது சுமத்தப்பட்ட இரண்டு குற்றச்சாட்டுகளையும் முழுமனதுடன் ஒப்புக்கொள்கிறேன்' என்ற வரியில் அவள் பேனா நின்றது. முழுமனதுடன் என்று கண்டிப்பாகப் போட வேண்டுமா என்று கேட்டாள். அந்த வார்த்தைதான் அதிகாரியின் மனசை இளக்கும் என்றார் அவர். அவளும் எழுதினாள். இவர் தன் தாளை வாங்கி நாலாகக் கிழித்தார்.

குற்றத்தை ஒப்புக்கொண்டால் தனியாக விசாரணை தேவையில்லை. சாட்சி கிடையாது, குறுக்குக் கேள்வி கிடையாது, யார் போன் செய்தார்கள் என்று கேட்க ஆள் கிடையாது. ஜெகதீஸ்வரன் அதை ஒரு சௌகரியமாகத்தான் நினைத்தார். ஓராண்டு ஊதிய உயர்வு நிறுத்தம் என்று தண்டனை ஆணையின் வரைவை எழுதிக் கோப்பை உள்ளே அனுப்பினார். நாலு நாள் கழித்துக் கோப்பு திரும்பி வந்தபோது அந்த வரி பச்சை மையால் அடிக்கப்பட்டிருந்தது. மேலே, பணியிலிருந்து நீக்கம் என்று ஈ.ஈ.யின் கையெழுத்தில் எழுதியிருந்தது.

அவர் கோப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு அதிகாரியின் அறைக்குள் அவர் அனுமதி கேட்காமல் நுழைந்தது அன்றைக்குத்தான். ஈ.ஈ. கோபப்படவில்லை. சென்னையிலிருந்து மறுபடி கேட்கிறார்கள், இன்கிரிமென்ட் நிறுத்தத்தை அனுப்பினால் யாரைக் காப்பாற்றுகிறீர்கள் என்று கேட்பார்கள், அந்தம்மாவே முழுமனதோடு ஒப்புக்கொண்ட பிறகு நாம் என்ன செய்வது என்றார். முழுமனதோடு என்று அவர் சொன்னபோது ஜெகதீஸ்வரன் கோப்பை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். வெளியே வந்து ஆணையைத் தட்டச்சுக்குக் கொடுத்தார். அதில் ஒரு எழுத்துப்பிழை இருந்ததைத் திருத்தவும் செய்தார்.

ஆணையைக் கையில் வாங்கியபோது முப்பிடாதியம்மாளுக்கு முதலில் விளங்கவில்லை. இன்கிரிமென்ட் என்றுதானே சொன்னீர்கள் என்று இரண்டு தடவை கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, அப்பீல் இருக்கிறது, இரண்டு மாதத்துக்குள் திருநெல்வேலியில் உள்ள மேற்பார்வைப் பொறியாளருக்குப் போட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, நானே எழுதித் தருகிறேன் என்றார். அவள் ஆணையை மடித்து மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போனாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு மணி வரைக்கும் மேஜையிலேயே உட்கார்ந்திருந்தார். அவள் வரவில்லை. மாசக் கடைசியில் குடியிருப்பைக் காலி செய்துவிட்டு, வடகரையில் ஒரு ஓட்டு வீட்டுக்குப் போய்விட்டாள் என்று சொன்னார்கள். குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் அறை கூட்டுகிறாளாம்.

அப்பீலை அவள் மகளை வைத்து எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தாள். அது திருநெல்வேலிக்குப் போய், அங்கிருந்து வழக்கம்போலக் கோட்ட அலுவலகத்துக்கே திரும்பி வந்தது. மேல்முறையீட்டில் சொல்லியிருப்பதற்கெல்லாம் பத்தி வாரியாகக் குறிப்புரை அனுப்பவும் என்று மேலே ஒரு கடிதம். அடித்தவனிடமே அடிபட்டவள் சொல்வது சரியா என்று கேட்பதுதான் இந்த நாட்டில் மேல்முறையீடு. ஈ.ஈ. பதில் சொல்ல வேண்டும். ஈ.ஈ.க்காகப் பதில் எழுத வேண்டியது ஜெகதீஸ்வரன்.

சுஜிதா எழுதியதில் அலங்காரம் எதுவும் இல்லை. மொத்தம் ஆறு பத்தி. மூன்றாம் பத்தியில், செயற்பொறியாளர் போன் செய்து சொன்னதால்தான் அறையைத் திறந்தேன், அழைப்பு விவரத்தின் படத்தை இணைத்திருக்கிறேன் என்று இருந்தது. நான்காம் பத்தி இது:

'நான் கொடுத்த விளக்கம் நானாக எழுதியது அல்ல. கண்காணிப்பாளர் திரு. ஜெகதீஸ்வரன் அவர்கள் தம் வீட்டில் வைத்து எழுதித் தந்ததை நகலெடுத்தேன். ஒப்புக்கொண்டால் வேலை போகாது என்று அவர் சொன்னார். உண்மையைச் சொல்லக்கூடியவர் என்பதால் அவரையே என் சாட்சியாகக் கேட்டுக்கொள்கிறேன்.'

அவர் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அன்று மத்தியானம் ஈ.ஈ. கூப்பிட்டு அனுப்பினார். அப்பீலின் நகல் அவர் மேஜையில் விரித்துக் கிடந்தது.

"நாலாவது பத்திக்கு என்ன எழுதப் போறீங்க ஜெகதீஸ்வரன்? உண்மைன்னா உண்மைன்னே எழுதிடுங்க, எனக்கு ஆட்சேபணை இல்ல. மெமோவும் நீங்க, விளக்கமும் நீங்கன்னா உங்களுக்கும் ஒரு பதினேழு பி வரும். பதவி உயர்வுப் பேனல் எப்போ, மார்ச்சா?"

மார்ச்தான். நிர்வாக அலுவலர் பதவிக்கான பட்டியலில் அவர் மூன்றாவதாக இருந்தார். குற்றச்சாட்டு நிலுவையில் இருப்பவன் பெயரைப் பட்டியலில் சேர்க்கமாட்டார்கள். அது தீர்வதற்குள் ஓய்வு பெறும் வயது வந்துவிடும். இதையெல்லாம் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எத்தனை பேருக்கு இதைச் சொல்லிப் பயமுறுத்தி மன்னிப்புக் கடிதம் எழுத வைத்திருக்கிறார்!

வீட்டுக்கு வந்து அனுசியாவிடம் சொன்னார். சொல்லியிருக்க வேண்டாம், ஆனால் எங்கேயாவது இறக்கி வைக்காமல் முடியவில்லை. அவள் அரிசி களைந்துகொண்டிருந்த கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அந்த முப்பிடாதியம்மா இங்கன உக்காந்து, உங்க தாளப் பாத்துப் பாத்து எழுதுனத நானும் பாத்தேன்லா. இல்லைன்னு எழுதப் போறீயளா?"

உனக்கு ஆபீஸ் விஷயம் தெரியாது என்றார். தெரியாதுதான் என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி அரிசியைக் களைய ஆரம்பித்தாள். அன்றைக்கு அவருக்குச் சாப்பாட்டைப் போட்டு வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

மறுநாள் அவர் குறிப்புரை எழுத உட்கார்ந்தார். பத்தி ஒன்று, இரண்டு, அலுவலகக் கோப்பில் உள்ள விவரங்கள், ஆட்சேபணை இல்லை. பத்தி ஐந்து, ஆறு, குடும்பச் சூழ்நிலை, பரிசீலனைக்கு உரியவை அல்ல. மூன்றாவதற்குக் கொஞ்சம் யோசித்தார். சனிக்கிழமை நாலு மணிக்குச் செயற்பொறியாளர் பேசியது மாளிகையின் தண்ணீர் மோட்டார் பழுது குறித்து என்று எழுதினார். மோட்டார் நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த மோட்டார். அதற்குப் பொருத்தமாகப் பழுது நீக்கிய குறிப்பு ஒன்றையும் பழைய கோப்பில் தேடிப் பிடித்தார், தேதி கிட்டத்தட்ட ஒத்துவந்தது. இவ்வளவு தூரம் எழுதுவோம் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. பேனா பழகிய தடத்தில் தானாகப் போயிற்று.

நான்காம் பத்திக்கு ஒரு பகல் முழுக்க இடம் விட்டு வைத்திருந்தார். உண்மை என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். அந்த ஒரு வார்த்தையில் அவளுடைய ஒப்புதல் வாக்குமூலம் உடைந்துபோகும், மறுபடி விசாரணை வைத்தே தீர வேண்டும், விசாரணை வைத்தால் போன் விஷயம் வெளியே வரும். சட்டம் அவருக்கு அத்துப்படி. அவள் பிழைக்கிற வழி தன் விரல் நுனியில் இருக்கிறது என்பதும் தெரிந்தது. தெரிந்துதான் சாயங்காலம் ஐந்தரைக்கு எழுதினார்:

'மேல்முறையீட்டாளரின் இக்கூற்று உண்மைக்குப் புறம்பானது. தண்டனை ஆணை வழங்கப்பட்ட பின்னர் தண்டனையிலிருந்து தப்பிக்கும் நோக்கில் புனையப்பட்ட பின்யோசனை ஆகும். விளக்கம் அவரது சொந்தக் கையெழுத்திலேயே உள்ளது என்பது குறிப்பிடத்தக்கது.'

ஈ.ஈ. ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. படித்துவிட்டு, உங்களுக்கு நிகர் நீங்கள்தான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அப்படி யாராவது சொன்னால் ஜெகதீஸ்வரனுக்கு முன்பெல்லாம் இரண்டு நாள் தூக்கம் நன்றாக வரும். அன்றைக்கு அவர் அலுவலகக் கழிப்பறைக்குள் போய்க் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு வாந்தி எடுத்தார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கோப்பைத் தபாலில் சேர்த்தார். வாந்தி எடுத்ததால் அவர் நல்லவராகிவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். தபாலை நிறுத்த அவருக்கு மறுநாள் காலை வரைக்கும் நேரம் இருந்தது.

மார்ச்சில் பட்டியல் வந்தது. அவர் பெயர் இருந்தது. ஏப்ரலில் மேல்முறையீட்டு ஆணையும் வந்தது. குறிப்புரையின் வரிகளை அப்படியே எடுத்துப் போட்டு, மேல்முறையீடு நிராகரிக்கப்படுகிறது என்று முடித்திருந்தார்கள். அதைச் சம்பந்தப்பட்டவரிடம் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும். அவருக்குப் பதவி உயர்வு உத்தரவு இன்னும் வராததால் அந்த வேலையும் அவர் தலையில்தான் விழுந்தது.

முப்பிடாதியம்மாள் மகளோடு வந்தாள். லாட்ஜுக்காரர்கள் கொடுத்த நீலச் சேலை கட்டியிருந்தாள். ஆளே பாதியாக இளைத்திருந்தாள். ஜெகதீஸ்வரன் நாற்காலியைக் காட்டினார், உட்காரவில்லை. சுஜிதா ஆணையை வாங்கி அம்மாவுக்காக மெல்லப் படித்தாள். நான்காம் பத்திக்கான வரிகள் வந்தபோது குரலை உயர்த்தவில்லை, வேகத்தையும் குறைக்கவில்லை. அறையில் இருந்த மற்ற மூன்று பேரும் அவரவர் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

படித்து முடித்ததும், நாம் மதுரைக்குப் போய் ஹைகோர்ட்டில் வழக்குப் போடுவோம் அம்மா என்றாள் சுஜிதா.

"அங்கன போட்டாலும் இவங்கதான பதில் எழுதுவாங்க" என்றாள் முப்பிடாதியம்மாள்.

அதில் கோபம் இல்லை. மழை வருமா வராதா என்று சொல்லுகிற மாதிரிதான் சொன்னாள். அவள் அழுது கத்தி, மண்ணை வாரித் தூற்றுவாள் என்று அவர் முந்தின நாளிலிருந்தே தயாராக இருந்தார். அப்படி நடந்திருந்தால் நீயும் திட்டிவிட்டாய், கணக்கு சரி என்று மனசை ஆற்றிக்கொண்டிருப்பார். அந்த ஆறுதலைக்கூட அவள் கொடுக்கவில்லை. நேராக அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"எங்கன கையெழுத்துப் போடணும் சார்?"

பதினொரு வருஷத்தில் அவள் அவரை சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் விரலால் இடத்தைக் காட்டினார். பெயரை முழுதாக எழுதினாள், தேதியும் போட்டாள். மகள் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

ஆணையைச் சார்வு செய்யும்போது, அதாவது உரியவரிடம் நேரில் சேர்ப்பிக்கும்போது, ஒரு சம்பிரதாயம் உண்டு. பெற்றுக்கொண்டவரின் கையெழுத்துக்குக் கீழே, என் முன்னிலையில் கையொப்பமிட்டார் என்று ஒருவர் சாட்சி போட வேண்டும். ஜெகதீஸ்வரன் பேனாவைத் திறந்து அந்த வரியை எழுதி, அடியில் தன் கையெழுத்தைப் போட்டார். முப்பிடாதியம்மாளுக்காக அவர் போட்ட ஒரே சாட்சிக் கையெழுத்து அதுதான்.